அம்மா சிரிக்கக் கூடாது

என் அம்மா சிரித்தால் விழுந்துவிடுவாள். இதை இப்படி ஒரே வரியில் சொல்லக் கற்றுக்கொள்ள எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது. அதுவரை அம்மா வெயிலில் விழுகிறாள், அமாவாசைக்கு விழுகிறாள், வெறும் வயிற்றோடு இருந்தால் விழுகிறாள், வேலை செய்யப் பிடிக்காமல் விழுகிறாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோரும் அவரவர் சொன்னதற்குச் சாட்சியும் வைத்திருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்திட்டில் இருந்த ஒரு குப்பத்தில் நாங்கள் குடியிருந்தோம். உப்பு வாங்க, மாவு அரைக்க, டாக்டரைப் பார்க்க, எதற்கும் படகேறித்தான் பழவேற்காட்டுக்கு வரவேண்டும். நைனா, அதாவது என் அப்பா, ஏரியில் வலை போடுவார். அம்மா அந்த மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு படகில் போய் சந்தையில் விற்றுவிட்டு வருவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி கைக்குழந்தை.

அம்மா முதல்முறை விழுந்தபோது நான் கைதட்டினேன்.

காரணம் என் மாமா. அம்மாவின் தம்பியான அவர் வாயைத் திறந்தால் குப்பமே வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும். அவரிடம் ஒரு நண்டுக் கதை உண்டு. பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற வந்த பெரிய மனிதர் ஒருவருடைய வேட்டிக்குள் நண்டு புகுந்துவிடும். கொடிக்கு சல்யூட் வைத்த கையை அவரால் இறக்கவும் முடியாது, நண்டைப் பிடிக்காமல் இருக்கவும் முடியாது. மாமா ஒரு நிமிடம் பெரிய மனிதராக நிற்பார், அடுத்த நிமிடம் நண்டாக நடப்பார், அதற்கடுத்து எதுவும் தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்து கணவரைப் பெருமையாகப் பார்க்கும் மனைவியாகிவிடுவார். நூறு தடவை கேட்டிருந்தாலும் நூற்றியோராவது தடவை நண்டு வேறோர் இடத்தில் கடிக்கும்.

அன்று இறால் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவே மாமா நண்டாக நடந்தார். அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தாடை தொங்கியது. தலை முன்னால் சரிந்தது. முழங்கால்கள் மடிந்து அப்படியே மணலில் உட்கார்ந்து பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். கண் பாதி திறந்திருந்தது. அம்மாவும் மாமாவோடு சேர்ந்து நடிக்கிறாள் என்று எங்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. நான் கைதட்டினேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"இன்னான்னே தெரில. கையும் காலும் என்னுதே இல்லாத மாரி ஆயிட்ச்சி. நீங்க சிரிச்சதெல்லாம் கேட்டுக்கினுதான் கெடந்தேன்" என்றாள்.

அவள் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் வினையாக முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்த அத்தை, நைனாவின் அக்கா, அதைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுக்கினு கெடந்தாளாம். காது கேக்குதுன்னா எழுந்துக்க வேண்டிதானே? ஆக்ட்டு வுடறா" என்று குழாயடியில் சொன்னாள். அதன்பிறகு அம்மா விழுந்து எழுந்தால் "எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றுதான் சொல்வாள். அப்படிச் சொன்ன அன்றைக்கே அத்தை மனமிரங்கி வேப்பிலையும் விபூதியுமாக வந்துவிட்டாள். உண்மையான நோயாளிக்கு எதுவும் தெரியக் கூடாது என்பது குப்பத்துச் சட்டம். அம்மா சொல்வது மாறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. முதல்நாள் சொன்னதை எல்லோரையும் போல நானும் மறந்துபோனேன். நைனா அன்று ஏரியில் இருந்தார். அவர் அதைக் கேட்கவே இல்லை.

விழுவதோடு போயிருந்தால் பரவாயில்லை. சந்தையில் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். விழித்துப் பார்த்தால் காக்கை மீனைக் கொத்திப் போயிருக்கும். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமலே தூங்கியிருக்கிறாள். விடியற்காலையில் விழிப்பு வந்தும் அசைய முடியாமல் கிடப்பாள். நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போல இருக்குமாம். அமுக்குவான் பேய் என்று அத்தை தலைமாட்டில் துடைப்பம் வைத்தாள். பேயும் துடைப்பமும் சேர்ந்தே சில மாதங்கள் எங்கள் வீட்டில் இருந்தன.

அதுவரை எனக்குப் பயம் வரவில்லை. கஞ்சி கொட்டிய நாளில்தான் வந்தது.

அம்மா அடுப்பருகே சோற்றுப் பானையைச் சாய்த்து கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். தம்பி எட்டிய தூரத்தில் பாயில் கிடந்தான். மாமா வாசலில் வந்து நின்றார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு கையை நெற்றியில் சல்யூட்டாக வைத்து, "யக்கா, நண்டு வந்து கீது" என்றார். அவ்வளவுதான். அம்மாவின் கையிலிருந்து பானை உருண்டது. அம்மா அதன் பக்கத்திலேயே விழுந்தாள். கொதிக்கும் கஞ்சி தரையில் ஓடி தம்பியின் தொடைக்கடியில் போய் நின்றது.

தம்பி கத்திய கத்தலை இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணைப் பாதி திறந்தபடி அந்தக் கஞ்சிக்குள் கிடந்தாள். குழந்தை அலறியும் எழுந்திருக்கவில்லை. செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

தம்பியின் தொடைப் புண் ஆற ஒரு மாதமானது. மாமாவை இனி வீட்டுக்கு வரவேண்டாம் என்று நைனா சொல்லிவிட்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் இரும்பு ஆலைகள் வரத் தொடங்கியிருந்தன. மாமா அங்கே கம்பி தூக்கும் வேலைக்குப் போய், அங்கேயே ஷெட்டில் தங்கிவிட்டார்.

அம்மா சிரித்தால்தான் விழுகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான். அதை நைனாவிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர். "அப்டின்னா ஊட்ல இனிமே யாரும் சிரிக்க வாணாம்" என்றார்.

அந்தக் கட்டளையை நிறைவேற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நடந்த வேடிக்கைகளை வாசலிலேயே விழுங்கிவிட்டு உள்ளே போவேன். எவனுக்கு அடி விழுந்தது, எவள் அழுதாள் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்வேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் பேச வந்தால் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பேச்சு சிரிப்பை நோக்கித் திரும்பும்போதே "அடுப்புல இன்னாவோ தீயுதும்மா" என்பேன். மூன்று தடவைக்குப் பிறகு அவர்களுக்குப் புரிந்துவிட்டது; வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தம்பி நடக்கத் தொடங்கினான். காய்ந்த புண்ணின் தோல் இழுத்ததால் வாத்து போல ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பான். பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அதனால் அம்மா விழித்திருக்கும் நேரமெல்லாம் அவனை வீட்டுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பெற்ற பிள்ளை நடந்த நடையை அம்மா பத்து நாள் பார்க்கவில்லை. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழவேற்காட்டுக் கம்பவுண்டர் ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார். பொன்னேரி டாக்டர் வலிப்பு என்று மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையைப் போட்டதும் அம்மா இன்னும் தூங்கினாள். தப்பித்தவறிச் சிரிப்பு வந்தால் விழுவது மட்டும் நிற்கவில்லை. நான்கு மாதம் கழித்து பொன்னேரி டாக்டரே ஒரு கடிதம் எழுதி, பட்டணத்தில் நரம்புக்குத் தனி டாக்டர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

படகு, பஸ், பொன்னேரியில் ரயில். பட்டணத்து ஆஸ்பத்திரியில் நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே வார்டு. அதில் மொட்டைத் தலைகள். கிழிந்த வலையைக் கோத்தது போல தலைகளின் மேல் தையல். அவர்களில் ஒரு பெண் அம்மா வயதுக்காரி. என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நரம்பு டாக்டருக்குக் கடுமையான சளி. கழுத்தில் மப்ளர். மூக்கைச் சிந்திச் சிந்திக் கேள்வி கேட்டார். முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். அம்மாவின் கால் தானாக எகிறியது. விழும்போது நினைவு இருக்குமா என்று கேட்டார். அம்மா நைனாவை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியாது சார்" என்றாள். தலையில் கம்பிகளை ஒட்டி காகிதத்தில் கோடு கிழிக்கும் மெஷினில் படுக்கவைத்தார்கள்.

"கோடு நல்லாத்தான் இருக்கு. வலிப்பு மாதிரி தெரியலை. ஆனா நினைவில்லேங்கறாங்க" என்று டாக்டர் யோசித்தார். "நான் ஒரு தடவையாவது நேர்ல பார்க்கணும். சிரிச்சாத்தான் வருதுன்னா, அடுத்த மாசம் வரும்போது நல்லா சிரிக்க வைக்கிற ஆள் ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க."

நைனா முகம் சுண்டிவிட்டது. பெரிய டாக்டரும் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் படகு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஏரியில் தண்ணீர் வற்றியிருந்ததால் படகு கரைவரை வராது. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நடக்கவேண்டும். தூங்கிப்போன தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நைனா முன்னால் போனார். நானும் அம்மாவும் பின்னால். வெகுநேரமாக என் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்த சந்தேகத்தைக் கேட்டேன்.

"ஏம்மா, அந்த டாக்டருக்கே இம்மாஞ் சளி புடிச்சிருக்குதே, அவரு யாருகிட்டம்மா மருந்து வாங்குவாரு?"

நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அம்மா சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்த சத்தத்தைக் கேட்டேன். உடனே அது நின்றது. அம்மா தண்ணீருக்குள் முகம் குப்புறப் போனாள்.

அவளைத் தூக்க எனக்குப் பலம் இல்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். தண்ணீரிலேயே உட்கார்ந்து, அவள் முகத்தைத் திருப்பி என் மடியில் வைத்துக்கொண்டேன். வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண் பாதி திறந்திருந்தது. "நைனா" என்று கத்தினேன். எதிர்க்காற்று, அவர் திரும்பவில்லை. பயத்தில் எனக்கு வாய் உளறத் தொடங்கியது. செத்துவிடாதே என்றேன். இனிமேல் பேசவே மாட்டேன் என்றேன். சாமி நம்முடைய பாவத்துக்குத்தான் இப்படிச் செய்கிறது என்று அத்தை சொல்லியிருந்தாள். என்னிடம் இருந்த பாவம் ஒன்றே ஒன்று. அதையும் சொல்லிவிட்டேன். "அன்னிக்குக் காணாம பூட்ச்சே, அந்தக் கருவாட காக்கா எடுத்துக்கினு போவலம்மா. நான்தான் ஐஸ்காரன்கிட்ட குடுத்து ஐஸ் வாங்கித் துன்னேன்."

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் விரல் அசைந்தது. இருமினாள். எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கரையில் நின்ற நைனாவிடம், கால் தடுக்கிவிட்டது என்றாள்.

மறுநாள் காலை என் தலையைப் பின்னிக்கொண்டே மெல்லக் கேட்டாள். "ஐஸ் நல்லா இருந்திச்சா?"

யார் சொன்னது என்று திரும்பினேன்.

"நீதான் சொன்னே. எனக்குக் கேக்கும் கண்ணு. எப்ப வுழுந்தாலும் எல்லாம் கேக்கும். கண்ணுதான் முழுசா தெறக்காது, நாக்குதான் பொரளாது." பின்னலை இறுக்கிக் கட்டினாள். "யாராண்டயும் சொல்லிடாத. கேக்குதுன்னா அப்புறம் பொய்யின்னு சொல்லிடுவாங்க. நைனாவுக்குத் தெரியவே வாணாம்."

தலையாட்டினேன். அன்றிலிருந்து என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அம்மா விழுந்தால் எல்லோரும் சுற்றி நின்று பேசுவார்கள். இவள் தேறமாட்டாள், வேறொருத்தியைப் பார்க்கவேண்டியதுதான் என்று அத்தை அவள் தலைக்கு நேராக நின்றே சொல்லியிருக்கிறாள். தம்பி கஞ்சியில் கிடந்து அலறியதையும் அம்மா கேட்டுக்கொண்டேதான் கிடந்திருக்கிறாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த மாதம் நைனாவே கும்மிடிப்பூண்டிக்குப் போய் மாமாவைக் கூட்டிவந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மாமா இளைத்துப்போய், உள்ளங்கையெல்லாம் கம்பி கிழித்த தழும்பாக இருந்தார். வேடிக்கையாகப் பேசும் மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் ஜன்னலோரம் அம்மாவின் காதில் பேசிக்கொண்டே போனேன். அங்கே போய் விழாதே. விழுந்தால் உன்னை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். மொட்டையடித்து மண்டையைப் பிளப்பார்கள். சிரிப்பு வராமலிருக்க எனக்குத் தெரிந்த வழியையும் சொல்லிக் கொடுத்தேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு, "சரி, சிரிக்கல" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

டாக்டருக்குச் சளி விட்டிருந்தது. இளம் டாக்டர்கள் நான்கைந்து பேர், ஒரு நர்ஸ். அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, "ம், ஆரம்பிங்க" என்றார்கள் மாமாவிடம். மாமா கையை நெற்றிக்குக் கொண்டுபோனார், இறக்கினார். அக்காவை விழவைக்கத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு முறை தொடங்கி நிறுத்தினார். மூன்றாவது முறை நண்டு வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் புகுந்து மறுபக்கம் எழுந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இளம் டாக்டர்கள் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தலைக்கட்டோடு இருந்த கிழவர் சிரித்துவிட்டு வலியில் முனகினார்.

அம்மா சிரிக்கவில்லை. அவள் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. நான் அவள் முகத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா வியர்த்துப்போய்க் கதையை முடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இளம் டாக்டர் ஒருவர் நைனாவைத் தள்ளி நிறுத்தி, தாழ்ந்த குரலில், இது உடம்பு நோய் மாதிரித் தெரியவில்லை, மனநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம், அங்கே கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்பார்கள் என்றார். நைனா துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு தலையாட்டினார்.

கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. நான் கத்தினேன்.

"எங்கம்மா பைத்தியம் இல்ல! அவங்களுக்கு எல்லாம் கேக்குது! வுழுந்தாலும் கேக்குது! நான்தான் சிரிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்!"

பெரிய டாக்டர் திரும்பினார். என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்ன கேக்குது பாப்பா? உனக்கெப்படித் தெரியும்?"

ஏரியில் நடந்ததைச் சொன்னேன். கருவாட்டையும் ஐஸையும் சொன்னேன். அம்மாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் எழுந்து, அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நிஜமாம்மா? பயப்படாம சொல்லுங்க. உங்களைப் பொய்யின்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். அம்மா தலையசைத்தாள். பிறகு அவர் கேட்கக் கேட்க எல்லாம் வந்தது: சந்தைத் தூக்கம், விடியற்காலையில் நெஞ்சில் உட்காரும் பேய், விழுவதற்கு முன் தொங்கும் தாடை. டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. இளம் டாக்டர்கள் நோட்டை எடுத்தார்கள்.

"சரி பாப்பா, சிரிப்பு வராம இருக்க அம்மாவுக்கு நீ என்ன வழி சொல்லிக் குடுத்தே?" என்றார் என்னிடம்.

"எங்க ஹெட்மாஸ்டரு கொட்டாவி வுடறத நெனச்சுக்கச் சொன்னேன் சார். பொய்ப் பல்லு கீழ வுழாம கையால புடிச்சிக்கினே வுடுவாரு. அத நெனச்சா எனக்குப் பயத்துல சிரிப்பே வராது."

அம்மா "ஹ" என்றாள். அடக்கி அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் ஒரேயடியாக வெளியே வந்தது. தாடை தொங்கியது. கட்டிலில் அப்படியே சாய்ந்தாள். டாக்டர் பாய்ந்து வந்து சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். போன மாதம் எகிறிய கால் இப்போது அசையவே இல்லை. மறுபடி தட்டினார். இளம் டாக்டர்களைப் பார்த்து, "பாருங்க, பாருங்க" என்றார். நான் அம்மாவின் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றேன், கத்தியோடு யாராவது வந்தால் தடுப்பதற்காக.

யாரும் வரவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்ததும், டாக்டர் நைனாவிடம் ஒரு ஆங்கிலப் பெயரைச் சொன்னார். நார்கோலெப்ஸி. நைனா இரண்டு முறை கேட்டுவிட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

"தீர்க்க முடியாது. மாத்திரையில அடங்கும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணிக்கிட்டயும் நெருப்புக்கிட்டயும்தான் ஜாக்கிரதையா இருக்கணும். சிரிப்போ கோபமோ வந்தா உடம்பு மட்டும் தூங்கிடுது. மூளை முழிச்சிருக்கும். பாப்பா சொன்னது சரி. எல்லாம் கேக்கும்."

"எல்லாமேவா சார்?" என்றார் நைனா.

"ஒரு வார்த்தை விடாம."

நைனா சீட்டை மடித்துப் பையில் வைத்தார். வராந்தாவுக்குப் போனார். டீ வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு வந்தார். டீ கொண்டுவரவில்லை.

அந்த மாத்திரையோடு அம்மா முப்பது வருடத்துக்கு மேல் இருந்தாள். விழுவது அடியோடு நிற்கவில்லை. சிரிப்பு வருகிறது என்று தெரிந்தால் எங்கே இருக்கிறாளோ அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிடப் பழகிக்கொண்டாள். மாமா மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். முதலில் அம்மாவை உட்காரவைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

ஆனால் அன்று திரும்பி வந்த ரயிலில் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமா கதவோரம் போய் நின்றுகொண்டார். தம்பி அம்மாவின் மடியில் தூங்கினான். நைனா எங்களுக்கு எதிரே உட்கார்ந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். மீஞ்சூர் தாண்டியதும் தலையைத் தூக்காமல் பேசினார்.

"நீ வுழுந்து கெடக்க சொல்லோ... பேஜார்ல நான் என்னென்னவோ பேசியிருக்கேன்."

அம்மா அவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் காதுல வுழலய்யா" என்றாள்.

"டாக்டரு சொன்னாரே."

"அவரு பொதுவா சொல்றாரு. நீ பேசினது எதுவும் எனக்குக் கேக்கல. வுடு."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தொடையை அழுத்தியது. நகம் படவில்லை, ஆனால் பேசாதே என்று புரிந்தது. நைனா துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் குலுங்கியது ரயிலின் குலுக்கல் என்றே நான் நினைத்தேன்.

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்பதற்காக எவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறோம். அதைக் கேட்டு அரை நாள் ஆவதற்குள், ரயிலில் உட்கார்ந்துகொண்டு, கண்ணைக் கூடச் சிமிட்டாமல் பொய் சொல்கிறாளே என்று பொன்னேரி வரும்வரை அவளோடு பேசாமலே வந்தேன்.